பூஸ்டை ஏற்றினால் பெட்ரோல் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

டர்போ கார்களில் பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் அழுத்தம், ஏற்றுவது பற்றி வந்த கேள்விகளில், எரிபொருள் பக்கத்தைத் தொடுகிறவற்றை மட்டும் இந்த முறை தனியே எடுத்திருக்கிறோம். காற்றை அதிகமாகத் தள்ளுவது எளிது. அதற்கு ஈடான பெட்ரோல் கடைசி ஆர்பிஎம் வரை போய்ச் சேர்கிறதா என்பதில்தான் பிஸ்டனின் ஆயுள் இருக்கிறது.

என்னிடம் ஃபியட் லீனியா டி-ஜெட் இருக்கிறது. பூஸ்டை 1.2 பாருக்கு ஏற்றி 180 எச்பி எடுக்கலாம் என்கிறார் டியூனர். ஒரு மெக்கானிக் முதலில் பம்பை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை மாற்றச் சொல்கிறார். எதை முதலில் வாங்குவது?
– கோவை வாசகர்

முதலில் வாங்க வேண்டியது ஒரு ஃப்யூல் பிரஷர் சென்சார். இரண்டு மெக்கானிக்குகளும் சரியாகச் சொல்லியிருக்கலாம், இருவருமே தவறாகவும் இருக்கலாம். வண்டியை அளக்காமல் யாராலும் சொல்ல முடியாது.

கணக்கைப் போட்டுவிடுவோம். டர்போ பெட்ரோல் இன்ஜின் முழு பூஸ்டில் ஒரு எச்பிக்கு மணிக்கு சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு 225 கிராம் போதும். கூடுதலாக ஊற்றுவது பெரும்பாலும் சிலிண்டருக்குள் சூட்டைத் தணித்து நாக்கிங்கை (கலவை தானாக வெடிப்பதை) தள்ளிப்போடுவதற்குத்தான். 180 எச்பி என்றால் மணிக்கு 48.6 கிலோ. நான்கு சிலிண்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 12.15 கிலோ, அதாவது நிமிடத்துக்கு 202 கிராம். அடர்த்தி 0.74 என்று வைத்தால் 274 சிசி. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 0.85-ஆல் வகுங்கள்: 322 சிசி. இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்காக 8 சதவீதம் சேர்த்தால் 348. ஆக, 3 பாரில் 380 முதல் 440 சிசி தரும் இன்ஜெக்டர் உங்கள் வண்டிக்குத் தாராளம்.

பம்ப் பக்கம் பார்த்தால், மணிக்கு 71 லிட்டர் எரிகிறது. 30 சதவீதம் கையிருப்பு சேர்த்தால் 92 லிட்டர். இதில் பலரும் தவறுவது ஒரு இடத்தில்: இந்த 92 லிட்டர் 3 பாரில் வந்தால் போதாது, 4.2 பாரில் வர வேண்டும். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரிக்கும் ரயில் குழாயில் 3 பார் அடிப்படை, அதன் மேல் காற்று நுழையும் மேனிஃபோல்டில் எதிர்த்துத் தள்ளும் 1.2 பார் பூஸ்ட். எந்த பம்பும் அழுத்தம் கூடக் கூடக் குறைவாகத்தான் தள்ளும். பெட்டியில் அச்சடித்திருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். அழுத்தத்துக்கு எதிரே லிட்டர் காட்டும் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இனி அளப்பது. ரயிலில் 0–10 பார் எலக்ட்ரிக் சென்சார் ஒன்றைப் பொருத்தி, அழுத்தம், பூஸ்ட், ஆர்பிஎம், இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம், லாம்டா (காற்று–பெட்ரோல் கலவையின் அளவு, 1 என்றால் சரிவிகிதம்) ஐந்தையும் ஒன்றாகப் பதிவு செய்யுங்கள். டைனோவில் (வண்டியை உருளை மேல் ஓட்டி அளக்கும் மேடை) மூன்றாவது கியரில் 2500-லிருந்து 6500 வரை ஒரே மூச்சில் ஓட்டினால் போதும். பெட்ரோல் நேரடியாக ஓடும் மெக்கானிக்கல் கேஜைக் காருக்குள் கொண்டுவரவே கூடாது. குழாய் ஒன்று பிய்ந்தால் உங்கள் மடியில்தான் பெட்ரோல் கொட்டும்.

இன்ஜெக்டர் எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது என்பதற்கு எளிய கணக்கு: மில்லி வினாடியை ஆர்பிஎம்மால் பெருக்கி 1200-ஆல் வகுத்தால் சதவீதம் வரும். 6500-இல் 15 மில்லி வினாடி என்றால் 81 சதவீதம்.

இந்தப் பதிவே எதை வாங்குவது என்று சொல்லிவிடும். ஆர்பிஎம் ஏற ஏற ரயில் அழுத்தம் சரிந்தால் குறை பம்பில், அதன் வயரிங்கில் அல்லது ஃபில்டரில். அழுத்தம் பூஸ்டோடு சரிக்குச் சரி ஏறுகிறது, ஆனால் இன்ஜெக்டர் 90 சதவீதத்தைத் தாண்டி லாம்டாவும் லீன் (பெட்ரோல் குறைந்த) பக்கம் நகர்கிறது என்றால், அப்போதுதான் இன்ஜெக்டர் சின்னது. அழுத்தம் பூஸ்டைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரே கோடாக நின்றால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குப் பூஸ்ட் குழாய் இல்லை, அல்லது குழாய் கழன்றிருக்கிறது. அழுத்தம் சரி, இன்ஜெக்டரும் 70 சதவீதம்தான், ஆனாலும் லீன் என்றால் பாகம் எதையும் வாங்காதீர்கள். ரீமேப்பில் (ஈசியூ என்னும் இன்ஜின் கணினியில் மாற்றி எழுதிய கணக்கில்), பூஸ்ட் கசிவில் அல்லது லாம்டா சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாய் ஓட்டையில் தேடுங்கள்.

அந்த "ஒரே கோடு" விஷயத்தைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். பல புதிய கார்களில் ரயிலிலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாய் கிடையாது. ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்து அழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருக்கும். உதாரணத்துக்கு அது 3.5 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.2 பார் பூஸ்டில் இன்ஜெக்டரின் இரு முனைக்கும் இடையே மிஞ்சுவது 2.3 பார்தான். பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் 19 சதவீதம் பெட்ரோல் போய்விடும். பூஸ்ட் ஏற ஏற இன்ஜெக்டர் சிறுத்துக்கொண்டே போகிறது என்று அர்த்தம். கம்பெனி பூஸ்டுக்கு ஈசியூ இதை ஈடுகட்டிக்கொள்ளும். 1.2-இல் அதனால் முடியுமா என்பது உங்கள் பதிவில் தெரியும். முடியாவிட்டால் ரயிலிலிருந்து திரும்பு குழாய் போட்டு, மேனிஃபோல்டோடு இணைந்து, பூஸ்ட் ஏறும் அளவே ரயில் அழுத்தத்தையும் ஏற்றும் ஒன்றுக்கு ஒன்று ரெகுலேட்டர் வையுங்கள். இது செய்த பிறகு கம்பெனி இன்ஜெக்டரே போதும் என்று ஆகிவிடுவதும் உண்டு.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். லீனியாவில் இந்த 1.4 இன்ஜின் 114 எச்பி, இந்தியாவுக்கு வந்த அபார்த் புந்தோவில் 145. அதே இன்ஜினை ஐரோப்பாவில் அபார்த் 595 காம்பெடிசியோனேயில் 180 வரை கம்பெனியே கொண்டுபோனது, ஆனால் பெரிய காரெட் டர்போவோடு. சின்ன டர்போவிடம் 1.2 பார் கேட்டால், மேல் ஆர்பிஎம்மில் அது காற்றைவிடச் சூட்டைத்தான் அதிகம் தரும். எவ்வளவு பெட்ரோல் ஊற்றினாலும் அந்தச் சூடு தணியாது.

255 லிட்டர் பம்ப் போட்டுவிட்டேன். அப்படியும் 5500-க்கு மேல் லீன் ஆகிறது. பம்ப் மோசமா? 400 லிட்டருக்குப் போகலாமா?
– சென்னை வாசகர்

போக வேண்டாம். 400 லிட்டர் பம்பை அதே வயரில் மாட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் அது இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும்.

பின்சீட்டைத் தூக்கி, பம்பின் சாக்கெட்டிலேயே மல்டிமீட்டரை வைத்து, இன்ஜின் ஓடும்போது வோல்ட்டைப் பாருங்கள். பாட்டரியில் 13.8, இங்கே 11.8 என்று வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். கணக்கு இதுதான்: 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மீட்டருக்கு 0.017 ஓம். போக 4 மீட்டர், வர 4 மீட்டர், மொத்தம் 0.14 ஓம். பம்ப் அழுத்தத்தோடு 10 ஆம்பியர் இழுத்தால் வயரிலேயே 1.4 வோல்ட் தொலையும். பழைய ரிலே முனை, துருப்பிடித்த எர்த் எல்லாம் சேர்ந்தால் 2 வோல்ட் எளிதாகப் போகும். பம்பின் 255 லிட்டரோ 13.5 வோல்ட்டில் அளந்த கணக்கு.

தீர்வு மலிவானது. பாட்டரியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயர், பாட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃப்யூஸ், பம்புக்கு அருகே 30 ஆம்பியர் ரிலே. ரிலேயின் 30-க்குப் பாட்டரி, 87-க்குப் பம்ப், 85-க்கு எர்த், 86-க்குப் பழைய பம்ப் வயர். பழைய வயரை 86-இல்தான் கொடுக்க வேண்டும். அப்போதுதான் இன்ஜின் நின்றாலோ விபத்து நேர்ந்தாலோ ஈசியூ பம்பை அணைக்க முடியும். இக்னிஷனிலிருந்து நேராக இழுத்துக் கொடுக்கும் வேலையை யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள். பம்பின் எர்த்துக்கும் அதே தடிமனில் புது வயர் போட்டு, பெயிண்ட் சுரண்டிய இரும்பில் இறுக்குங்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா டிஎஸ்ஐ போல பம்ப் வேகத்தைத் தனி மாட்யூல் கட்டுப்படுத்தும் வண்டிகளுக்கு இந்த ரிலே வேலை பொருந்தாது.

வோல்ட் சரியாக இருந்தால் டேங்குக்குள் பாருங்கள். பம்பிலிருந்து மூடிக்குப் போகும் சின்ன ரப்பர் துண்டுதான் அடிக்கடி காலை வாரும். இன்ஜெக்ஷன் ஹோஸ் என்று கடையில் தருவது பெரும்பாலும் ஆர்9 வகை. அது வெளியே போட நல்லது, ஆனால் பெட்ரோலில் மூழ்கிக் கிடந்தால் ஊறி, உப்பி, கிளிப்பை விட்டு நழுவும். மூழ்கும் இடத்துக்கு ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ்தான் வேண்டும். ஆர்10 விலை கூடுதல், ஆனால் தேவைப்படுவது ஒரு சாண் நீளம்தான். கிளிப்பும் திருகுப் பல் வெளியே தெரியும் வகை வேண்டாம், அது ரப்பரை அறுக்கும். விளிம்பு மடித்த இன்ஜெக்ஷன் கிளிப் போடுங்கள். வால்ப்ரோ கம்பெனியின் 255 பம்புக்குப் போலிகள் ஏராளம் என்பதையும் மறக்காதீர்கள். பாதி விலைக்கு வந்தது பாதி வேலையைத்தான் செய்யும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை, திரும்பு குழாய் உள்ள வண்டிகளுக்கு. இன்ஜினை அணைத்து, பாட்டரிக்குச் சார்ஜரை முன்கூட்டியே மாட்டிவிடுங்கள். பிறகு திரும்பு குழாயை ஒரு அளவுக் கேனில் விடுங்கள். ரெகுலேட்டரின் பூஸ்ட் குழாயில் சைக்கிள் பம்பால் 1.2 பார் காற்றடித்துப் பிடியுங்கள். ரயிலில் 4.2 பார் காட்ட வேண்டும். இப்போது ஃப்யூல் பம்பை 30 வினாடி ஓட்டி, கேனில் விழுந்த லிட்டரை 120-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை லிட்டர் என்பது வந்துவிடும். திறந்த வெளியில், பக்கத்தில் தீயணைப்பானோடு, இருவராகச் செய்ய வேண்டிய வேலை இது.

பழைய ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ. எதிர்காலத்துக்கும் உதவும் என்று 1000 சிசி இன்ஜெக்டர் போட்டேன். ஐடிலில் ஆடுகிறது, பெட்ரோல் வாசனை அடிக்கிறது, மைலேஜும் விழுந்துவிட்டது.
– திருச்சி வாசகர்

அகலக்கால் வைத்துவிட்டீர்கள். உங்கள் வண்டி கம்பெனியில் 150 எச்பி. மேலே கோவை வாசகருக்குப் போட்ட கணக்கையே போட்டால் 250 எச்பிக்குக்கூட இ20-இல் சுமார் 480 சிசிதான் வரும். 550 சிசி போதுமானது.

பெரிய இன்ஜெக்டரின் தொல்லை ஐடிலில்தான். கம்பெனி இன்ஜெக்டர் ஐடிலில் 1.5 மில்லி வினாடி பெட்ரோல் விடுகிறது என்றால், மூன்று மடங்கு பெரியது அரை மில்லி வினாடியில் அதே வேலையை முடிக்க வேண்டும். அவ்வளவு குறுகிய நேரத்தில் ஊசி முழுசாகத் தூக்குவதற்குள் மூட வேண்டிய நேரம் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு விழும்.

ஆனாலும் உடனே விற்றுவிடாதீர்கள். இன்ஜெக்டருக்கு மின்சாரம் போனதிலிருந்து அது திறக்கும் வரை ஒரு தாமதம் உண்டு. 14 வோல்ட்டில் ஏறத்தாழ ஒரு மில்லி வினாடி, வோல்ட் குறைந்தால் இன்னும் கூடும். வோல்ட் வாரியான இந்தப் பட்டியல் இன்ஜெக்டரோடு வந்திருக்க வேண்டும், அது ஈசியூவில் ஏறியிருக்க வேண்டும். ஏறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: ரேடியேட்டர் ஃபேனும் ஹெட்லைட்டும் போட்டதும் ஐடில் இன்னும் மோசமானால் பட்டியல் தவறு. ஃப்யூல் டிரிம் (ஈசியூ தானாகச் செய்யும் பெட்ரோல் திருத்தம்) ஐடிலில் 20 சதவீதம் தள்ளி நின்று, நெடுஞ்சாலையில் 3 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் அதுவும் தாமதக் கணக்கின் பிழைதான். எல்லா இடத்திலும் ஒரே அளவு தள்ளி நின்றால் இன்ஜெக்டரின் சிசி எண் தவறாக ஏறியிருக்கிறது. பட்டியலே இல்லாமல் விற்கிற இன்ஜெக்டரை, விலை எவ்வளவு குறைந்தாலும், வாங்காதீர்கள்.

மாட்டுவதற்கு முன் ஓம் பார்த்தீர்களா? 12 முதல் 16 ஓம் என்றால் உங்கள் ஈசியூ தாங்கும். 2, 3 ஓம் வகையை நேராக மாட்டினால் ஈசியூவுக்குள் இருக்கும் டிரைவர் கருகும்.

பூஸ்ட் ஏறும் அளவைப்போல் எட்டு, பத்து மடங்கு ரயில் அழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் ரெகுலேட்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. ரீமேப் இல்லாமலே சமாளிக்கலாமாமே?
– ஈரோடு வாசகர்

ஈசியூவைத் தொட வழி இல்லாத காலத்து வைத்தியம் அது. பம்ப் 7, 8 பாரை எதிர்த்துத் தள்ள வேண்டும், அங்கே அதன் லிட்டர் பாதாளத்துக்குப் போகும். இன்ஜெக்டர் ஊசியும் திறக்கத் திணறும். வேண்டாம்.

எங்கள் கார் 2.0 டிஎஸ்ஐ. டைரக்ட் இன்ஜெக்ஷனுக்கும் இதே கணக்குதானா?
– மதுரை வாசகர்

எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்ற கணக்கு அதேதான். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிதான் முற்றிலும் வேறு.

சாதாரண இன்ஜெக்டர் வால்வுக்கு வெளியே தெளிக்கிறது. 6000 ஆர்பிஎம்மில் ஒரு சுழற்சிக்கு 20 மில்லி வினாடி, அந்த நேரம் முழுக்க அதற்குச் சொந்தம். டைரக்ட் இன்ஜெக்டர் சிலிண்டருக்குள்ளேயே தெளிப்பதால், காற்று உள்ளே வரும்போதும் அழுந்தத் தொடங்கும்போதும் மட்டுமே வேலை செய்ய முடியும். கையில் கிடைப்பது 5 முதல் 7 மில்லி வினாடி. அதற்காகத்தான் ரயிலில் 150, 200 பார் என்று வைத்திருக்கிறார்கள். அந்த அழுத்தத்தைத் தருவது கேம்ஷாஃப்ட் தள்ளும் ஹை பிரஷர் பம்ப். அதற்கு 5 பார் அளவில் பெட்ரோலை ஊட்டுவது டேங்குக்குள் இருக்கும் லோ பிரஷர் பம்ப்.

இவற்றில் எது முதலில் தோற்கிறது என்பதை டயக்னாஸ்டிக் கருவியே காட்டும். ஈசியூ கேட்ட ரயில் அழுத்தம், உண்மையில் வந்த ரயில் அழுத்தம் இரண்டையும் ஒரே வரைபடத்தில் பதிவு செய்யுங்கள். கேட்டது 200, வந்தது 198 என்றால் நிம்மதி. 5000-க்கு மேல் 200 கேட்டு 170, 160 என்று சரிந்துகொண்டே போனால் பெட்ரோல் போதவில்லை. உடனே விலை உயர்ந்த ஹை பிரஷர் பம்பை ஆர்டர் செய்துவிடாதீர்கள். லோ பிரஷர் பக்கத்தையும் அதே ஓட்டத்தில் பாருங்கள். அதுவும் சேர்ந்து சரிந்தால், மேலே இருக்கும் பம்புக்குக் கீழே இருந்து ஊட்டம் வரவில்லை. ஊட்டமில்லாமல் ஓடினால் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டி, பெரிய பம்பும் வெறும் குமிழியைத்தான் தள்ளும்.

லோ பிரஷர் சரியாக இருந்து ரயில் மட்டும் சரிந்தால், பெரிய பிஸ்டன் வைத்த ஹை பிரஷர் பம்ப்தான் வழி. விட்டம் 8 மில்லிமீட்டரிலிருந்து 9 ஆனாலே தள்ளும் அளவு 27 சதவீதம் கூடும். அதே அளவுக்குக் கேம் மீதும் ரோலர் மீதும் சுமை ஏறும். அதனால் பம்பைக் கழற்றும்போதே ரோலரின் முகத்தைப் பாருங்கள், கோடு விழுந்திருந்தால் புதிது போடுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு தானாக ஏறி, பெட்ரோல் வாசனை அடித்தால் பம்பின் சீல் ஒழுகுகிறது என்று சந்தேகியுங்கள்.

இதற்கும் மேல் வேண்டும் என்பவர்கள் மேனிஃபோல்டில் தனியாக நான்கு சாதாரண இன்ஜெக்டர் வைத்து, அதற்குத் தனி கன்ட்ரோலரும் போடுகிறார்கள். வால்வின் முதுகில் படியும் கரியையும் அது கழுவும். சாலையில் ஓட்டும் வண்டிக்கு அது தேவைப்படாது. கம்பெனி டர்போவில் ரீமேப் மட்டும் செய்த பல டிஎஸ்ஐ கார்களுக்கு எரிபொருள் பக்கத்தில் எதையுமே மாற்ற வேண்டியிருக்காது என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

ஒரு எச்சரிக்கை. 200 பார் பெட்ரோல் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே போகும். இன்ஜின் சூடாக இருக்கும்போது அணைத்த பிறகும் ரயிலில் அழுத்தம் நிற்கும், சூட்டில் ஏறவும் செய்யும். ஆறவிட்டு, கருவியில் அழுத்தம் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். ஒருமுறை கழற்றினால் மாற்ற வேண்டிய குழாய், போல்ட் எவை என்று சர்வீஸ் கையேட்டில் போட்டிருக்கும். அதை மீறாதீர்கள்.

100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் பம்பும் இன்ஜெக்டரும் மாற்ற வேண்டாமா? எத்தனால் 100 என்று விற்கிறார்களே, அது குளிர்ச்சியாம், அதையே ஊற்றலாமா?
– புதுச்சேரி வாசகர்

ஆக்டேன் நாக்கிங்கைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். 95 ஆனாலும் 100 ஆனாலும் அதே காற்றுக்கு அதே அளவு பெட்ரோல்தான் வேண்டும். பம்ப் பற்றாக்குறையை ஆக்டேன் நிரப்பாது.

எத்தனால் விஷயம் நேர் எதிர். ஒரு கிலோ சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று. இ20-க்கு ஏறத்தாழ 13.5, சுத்த எத்தனாலுக்கு 9. ஆக, எத்தனால் ஏற ஏற அதே காற்றுக்கு அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும். 2024 மார்ச்சில் இந்தியன் ஆயில் சில பெட்ரோல் பங்குகளில் விற்கத் தொடங்கிய எத்தனால் 100-இல் 93 சதவீதம் எத்தனால். அதற்குப் பம்பும் இன்ஜெக்டரும் பெட்ரோலைவிட ஒன்றரை மடங்கு தள்ள வேண்டும். அதற்கென்று செய்த ஃப்ளெக்ஸ் வண்டிகளுக்கான எரிபொருள் அது. சாதாரண ஈசியூ 25 சதவீதம் அளவுக்குத் திருத்திக்கொள்ளலாம், அதற்கு மேல் கையை விரித்துவிடும். அந்த நிலையில் பூஸ்டும் ஏறினால் பிஸ்டன் மிஞ்சாது. எத்தனாலின் குளிர்ச்சியும் நாக்கிங் எதிர்ப்பும் உண்மைதான். கணக்குப் போட்டு, எத்தனால் சென்சார் வைத்து, பிடிஎஃப்இ (டெஃப்லான்) உள்பூச்சு ஹோஸ், எத்தனால் தாங்கும் பம்ப் எல்லாம் மாற்றியவருக்குத்தான் அந்தப் பலன்.

வைட்பேண்ட் கேஜ் (கலவை அளவைக் காட்டும் மானி) வைத்திருந்தால் அதைக் காற்று–பெட்ரோல் விகிதத்திலிருந்து லாம்டாவுக்கு மாற்றுங்கள். இ20-இல் லாம்டா 1 என்பது உண்மையில் 13.5, ஆனால் கேஜ் பழைய பழக்கத்தில் 14.7 என்றே காட்டிக்கொண்டிருக்கும். முழு பூஸ்டில் சாதாரண இன்ஜெக்ஷன் வண்டிக்கு லாம்டா 0.78 – 0.82 நல்ல இலக்கு. டைரக்ட் இன்ஜெக்ஷன் கொஞ்சம் கூடுதலாக, 0.85 வரை தாங்கும்.

கரி ஸ்பீட்வேயில் டிராக் டே போனால், டேங்க் கால்வாசி ஆனதும் வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டி ஒரு நொடி இழுக்காமல் நிற்கிறது. நேர் சாலையில் அந்தத் தொல்லை இல்லை.
– பொள்ளாச்சி வாசகர்

வளைவில் பெட்ரோல் டேங்கின் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கிவிட, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. அந்த ஒரு நொடி பூஸ்டோடு லீன் ஓட்டம். பெரிய பம்ப் போட்டால் இன்னும் சீக்கிரம் காற்றை உறிஞ்சும், அவ்வளவுதான். செலவில்லாத தீர்வு பாதி டேங்குக்குக் கீழே டிராக்கில் இறங்காதது.

அது முடியாதென்றால் ஒன்றரை லிட்டர் சர்ஜ் டேங்க் என்ற சின்ன இடைத் தொட்டி. டேங்கில் இருக்கும் பழைய பம்ப் இதை நிரப்பிக்கொண்டே இருக்கும், இதற்குள் இருக்கும் ஹை பிரஷர் பம்ப் ரயிலுக்குத் தள்ளும். ரயிலின் திரும்பு குழாய் சர்ஜ் டேங்குக்கே வர வேண்டும். பெரிய டேங்குக்குத் திரும்பும் குழாய் சர்ஜ் டேங்கின் உச்சியிலிருந்து போக வேண்டும். அப்போதுதான் காற்று வெளியேறும், இதை மாற்றிப் பொருத்தித்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். 180 எச்பியில் முழு மிதியில் நிமிடத்துக்கு 1.2 லிட்டர் போகிறது, வளைவோ சில நொடி. ஒன்றரை லிட்டருக்கு மேல் சுமப்பது வீண் எடை. பயணிகள் பக்கத்திலிருந்து தகடு வைத்து மறைக்காமல் டிக்கியில் வைக்காதீர்கள்.

வாட்டர்–மெத்தனால் ஸ்ப்ரே போட்டால் இன்ஜெக்டர் செலவு மிச்சமா?
– சேலம் வாசகர்

நாக்கிங்கைத் தடுக்க நல்லது. அதை எரிபொருளாகக் கணக்கில் சேர்ப்பது ஆபத்து, ஏனென்றால் பாட்டில் காலியானதும் அந்தப் பங்கு பெட்ரோல் ஒரே நொடியில் காணாமல் போகும். பாட்டில் மட்டமும் குழாய் ஓட்டமும் குறைந்தால் பூஸ்டை வெட்டும் ஏற்பாடு இல்லாமல் வைக்க வேண்டாம்.

இவையெல்லாம் சட்டப்படி சரிதானா?
– வேலூர் வாசகர்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. வாரண்டியும் கைவிட்டுப் போகும், மாற்றத்தை மறைத்தால் காப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். இங்கே சொல்லும் வேலைகள் டிராக்குக்கான வண்டிகளை மனதில் வைத்தே.

பாகங்கள் எல்லாம் வந்துவிட்டன. மாட்டி முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது எதெதைக் கவனிக்க வேண்டும்?
– திருநெல்வேலி வாசகர்

இன்ஜின் ஆறிய பிறகு, பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கி, தானாக அணையும் வரை ஓடவிட்டு, அதன்பின் பாட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். ரயில் அழுத்தம் அப்படித்தான் இறங்கும். பவுடர் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

புது ஹோஸை வெட்டும்போது உள்ளே விழும் ரப்பர் துகளும் கம்பித் துணுக்கும்தான் புது இன்ஜெக்டரின் முதல் எதிரி. ரயிலில் மாட்டும் முன் பம்பை ஓட்டி ஒரு லிட்டர் பெட்ரோலைக் கேனில் விட்டுக் கழுவிவிடுங்கள். பம்புக்கு முன் 100 மைக்ரான், பின் 10 மைக்ரான் ஃபில்டர். இடம் மாறினால் பம்ப் உறிஞ்சத் திணறிக் கத்தும். ஏஎன் வகை (கூம்பு முகம் கொண்ட திருகு) இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அங்கே உலோகத்தோடு உலோகம் அழுந்தித்தான் அடைபடுகிறது, டேப் துணுக்கு நேராக இன்ஜெக்டருக்குப் போகும். ஏஎன்-6 அளவுக் குழாய் நம் வாசகர்கள் கேட்கிற எந்த எச்பிக்கும் போதும்.

ஓ-ரிங்கில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவி அழுத்துங்கள், சிலிகான் கிரீஸ் வேண்டாம். ரயிலை இறுக்கிய பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் திருப்பிப் பாருங்கள். திரும்பாவிட்டால் ஓ-ரிங் மடங்கியிருக்கிறது.

எர்த்தையும் ஃப்யூஸையும் திரும்ப மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் நான்கு முறை போட்டு அணைத்து அழுத்தம் ஏற்றுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் தெரியும். பிறகு ஸ்டார்ட். ரெகுலேட்டரின் வேக்யூம் குழாயைப் பிடுங்கி 3 பார் வைத்து, குழாயைத் திரும்ப மாட்டினால் ஐடிலில் அரை பார் அளவு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் குழாய் அடைப்பு. குழாய்க்குள் பெட்ரோல் வாசனை வந்தால் டயஃபிரம் கிழிந்துவிட்டது. சரியென்று தெரிந்ததும் அந்தக் குழாயின் இரு முனைக்கும் கிளிப் போடுங்கள். வேக்யூமில் தானாக நிற்கும் குழாய், பூஸ்டில் தெறிக்கும்.

டியூனிங்கை, டர்போவின் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தரும் குறைந்த பூஸ்டில் தொடங்கி, 0.1 பார் வீதம் ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் ரயில் அழுத்தத்திலிருந்து பூஸ்டைக் கழித்தால் 3 பார் மாறாமல் நிற்க வேண்டும். எந்தப் படியில் அது 2.8 ஆகிறதோ அதற்கு முந்தைய படிதான் உங்கள் எரிபொருள் பக்கத்தின் எல்லை. இந்த வித்தியாசம் அரை பார் விழுந்தால் பூஸ்டை வெட்டும்படி ஈசியூவில் ஒரு காவல் வைக்கலாம், வசதி இருந்தால் கட்டாயம் வையுங்கள். 100 கிலோமீட்டரில் எல்லாக் கிளிப்பையும் மறுபடி இறுக்குங்கள். 500-இல் ஃபில்டரை மாற்றுங்கள், பழைய டேங்கின் அடியில் பல வருடமாகப் படிந்த அழுக்கை எத்தனால் கரைத்து அங்கேதான் கொண்டுவந்து சேர்த்திருக்கும்.